அந்த நீளம் எனக்கும் உண்டு

அசோகா,

நேற்று வசந்தாவுக்குக் கல்யாணம் நடந்தது. தங்கவயல் சாம்பியன் ரீப்பில், அவள் அண்ணன் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, புத்தர் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, பஞ்சசீலம் சொல்லி முடித்தார்கள். நானும் போயிருந்தேன். அவள்தான் என்னைக் கூப்பிட்டாள். இந்தச் செய்தி ரூர்கேலாவில் இருக்கும் உனக்கு யார் மூலமாகவோ வந்து சேர்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று, பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். உன் அம்மா பக்கத்தில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். என்ன எழுதுகிறேன் என்று அவள் கேட்கவில்லை. கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. கோபம் வந்திருந்தால் எழுதுவது சுலபமாக இருந்திருக்கும். நேற்று வரைக்கும், இந்த ஒரு வருஷமாக எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன், யாராவது சிரித்தால் சேர்ந்து சிரித்தேன். அவ்வளவுதான்.

நமக்குள் பேச்சு எப்போதுமே குறைவு. சிவாஜி நகரில் தகரத்தைத் தட்டித் தட்டி டிரங்குப் பெட்டி செய்கிறவனுக்குக் காது சீக்கிரம் மந்தமாகிவிடும். நீ மெதுவாகப் பேசுகிற பிள்ளை. நீ சொன்னதில் பாதி எனக்குக் கேட்டதே இல்லை, திரும்பக் கேட்டால் உனக்குச் சலிப்பு வரும் என்று நான் தலையாட்டிவிடுவேன். நாடு விடுதலையான வருஷம் உனக்கு நினைவிருக்குமோ என்னவோ. பட்டாளத் தண்டுப் பகுதியிலிருந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஊருக்குக் கிளம்ப, பட்டறையில் பெட்டிக்குக் கிராக்கி தாங்கவில்லை. உன் அம்மாவோடு சாப்பாடு எடுத்து வந்த நீ, அடுக்கி வைத்திருந்த பெட்டிகளைப் பார்த்து, "இவங்க எல்லாம் ஏம்பா போறாங்க?" என்று கேட்டாய். "இது அவங்க ஊர் இல்ல, அதான்" என்றேன். "அப்ப நம்ம ஊரு எது?" என்றாய். அதற்கு நாம் இருக்கும் மர்பி டவுன் என்று சொன்னேனா, பெங்களூர் என்று சொன்னேனா, மறந்துவிட்டது. சுத்தியலை எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பிவிட்டேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. நம் வீட்டில் பெரும்பாலான பேச்சுகள் அப்படித்தான் முடிந்தன.

நீ படித்தாய், வரைபடம் போடும் வேலைக்குப் போனாய், வசந்தாவைக் கட்டினாய். தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்த குடும்பம். பெண் கலகலப்பாகப் பேசுவாள். என் காதுக்கு ஏற்ற மாதிரி சத்தமாகவும் பேசுவாள். "மாமா, ரசம் எப்படி இருக்கு? நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு சொல்லிடுங்க" என்று அவள் கேட்பது தெருமுனை வரைக்கும் கேட்கும். நீ அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாய். அந்த நாட்களை நான் நன்றாகவே பார்த்தேன். முதல் பிள்ளை மூன்றாம் மாதத்தில் கலைந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது நிறைமாதம் வரை இருந்து, பிறந்தபோது மூச்சில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அதைத் துணியில் சுற்றி நீதான் வாங்கிக்கொண்டு வந்தாய். அல்சூர் இடுகாட்டுக்கு நானும் கூட வந்தேன். குழியை மூடினோம். வீட்டுக்கு வந்து கை கழுவிவிட்டு, "ஏன்னு பாத்தாகணும்பா" என்றாய். அது மட்டும் எனக்கு முதல் தடவையிலேயே கேட்டது.

பார்த்தார்கள். அந்த ஆஸ்பத்திரியில் அப்போதுதான் புதிதாக ஒரு சோதனை ஆரம்பித்திருந்தார்கள். ரத்தத்தை எடுத்து, சூடான பெட்டிக்குள் வைத்து வளர்த்து, அதிலுள்ள உயிரணுவை உடைத்து, உள்ளே இருக்கும் நூல்துண்டு போன்றவற்றைப் போட்டோ பிடிக்கும் சோதனை. குரோமோசோம் என்று பெயர். மனுஷனுக்கு நாற்பத்தாறு இருக்குமாம். வசந்தாவுடையது சரியாக இருந்தது. உன்னுடையதிலும் எண்ணிக்கை சரி. ஆனால் ஆம்பளைகளுக்கு மட்டும் இருக்கிற ஒன்று, ஒய் என்கிறார்கள், அது புத்தகத்துப் படத்தில் இருப்பதைவிட நீளமாக இருந்தது. பெரிய டாக்டர் மேஜை மேல் படத்தை வைத்துப் பென்சிலால் தொட்டுக் காட்டினார். நீ, நான், வசந்தா மூவரும் எதிரே நின்றிருந்தோம்.

"இது நார்மல் கிடையாது. உங்களுக்குக் குழந்தை தங்காது. இனி முயற்சி பண்றது அந்தப் பெண்ணுக்குத்தான் கஷ்டம்" என்றார்.

"நிச்சயமாவா சார்?" என்று நீ கேட்டாய்.

"படம்தான் எதிர்ல இருக்கே" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட மணியடித்தார். பக்கத்தில் ஒரு லேடி டாக்டர் நின்றிருந்தார். படத்தைப் பிடித்தவர் அவர்தான். என்னவோ சொல்ல வாயெடுத்து, பெரியவரைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அன்றைக்கு அது எனக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் யாரோ சொல்லி, நம் சந்து முழுக்கப் பரவியது. நீளம் என்ற வார்த்தை அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. தண்ணீர்க் குழாயடியிலும் டீக்கடையிலும் என்ன பேசிச் சிரித்தார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. எனக்குக் கேட்காது என்று நினைத்து என் முன்னாலேயே பேசினார்கள். நீ வேலை முடிந்து சுற்றுவழியில் வீட்டுக்கு வர ஆரம்பித்தாய். பிறகு பேச்சை நிறுத்தினாய். ஒருநாள் வசந்தாவிடம் ஊருக்குப் போகச் சொன்னாய். அவள் அண்ணன் வந்து பௌத்த சங்கத்துப் பெரியவர்கள் முன்னால் கேட்டபோது, "அவ இஷ்டம். வேற கல்யாணம் பண்ணிக்கிட்டாலும் நான் குறுக்க நிக்கமாட்டேன்" என்றாய். அடுத்த மாதம் ரூர்கேலா வேலைக்கு உத்தரவு வந்தது என்று சொன்னாய். நான் பட்டறைக்குப் போய் உனக்கு ஒரு பெட்டி செய்தேன். நல்ல தகரம், உள்ளே துணி ஒட்டி, பித்தளைப் பூட்டு போட்டேன். ரயிலடியில் அதை நீ தூக்கிய விதத்தில் கனமாக இருந்தது தெரிந்தது. வண்டி போன பிறகு நான் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

நீ போய்க் கொஞ்ச நாள் கழித்து அந்த லேடி டாக்டர் உன்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். நீ இல்லை, நான் போனேன். மைசூர்ப் பக்கத்து அம்மா, கன்னடம் கலந்துதான் தமிழ் பேசுவார். நீ ஊரைவிட்டே போய்விட்டாய், வசந்தாவும் போய்விட்டாள் என்று சொன்னதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அய்யோ ராமா. நோடி, பாருங்க, நான் அவசரப்படாதீங்கன்னு அன்னிக்கே சொல்லணும்னு இருந்தேன்."

"சத்தமா சொல்லுங்கம்மா, காது கொஞ்சம் மந்தம்" என்றேன்.

குரலை உயர்த்திச் சொன்னார். "எங்க புஸ்தகத்துல இருக்கிற படமெல்லாம் வெள்ளைக்காரங்க ரத்தத்துல எடுத்தது. அவங்களுக்கு அது சின்னதா இருக்கு. அதனால அதான் சரியான அளவுன்னு வெச்சிருக்கோம். ஜப்பான்காரங்களுக்கு வேற மாதிரி இருக்குன்னு இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்காங்க. நம்ம ஜனங்களுக்கு எவ்வளவு நீளம்னு யாரும் அளந்து பாத்ததே இல்ல. அளக்காமலே உங்க பையனுக்குக் குறைன்னு சொல்லியாச்சு."

அவர் ஊசியை எடுத்து வைத்துக்கொண்டே தொடர்ந்தார்.

"அது அப்பாகிட்ட இருந்து பையனுக்கு அப்படியே போறது. அம்மாவுக்கு அதுல பங்கே இல்ல. உங்க ரத்தம் குடுங்க. உங்களுக்கு எத்தனை பசங்க?"

"மூணும்மா. இவன்தான் பெரியவன். மூணும் நல்லா இருக்கு."

சட்டைக் கையை மடித்து நீட்டினேன். ஊசி போட்டது தெரிந்தது, வலித்ததா என்று தெரியவில்லை. இன்னும் ஆட்கள் வேண்டும் என்றார். பிள்ளைகள் பெற்று நன்றாக இருக்கும் ஆம்பளைகள், எல்லாச் சனத்திலும் வேண்டும், நூலை வெவ்வேறு ஆட்களிடம் எடுத்து அளந்து பார்த்தால்தான் எது சாதாரணம் என்று தெரியும் என்றார். அவர் கேட்டால் யாரும் வரமாட்டார்கள். நான் கேட்டால் வரலாம் என்று நினைத்தார்.

இதை நான் ஏன் ஒப்புக்கொண்டேன் என்று உன் அம்மா கேட்டாள். செய்வதற்கு ஏதோ ஒரு வேலை இருந்தது, செய்தேன். பட்டறை முதலாளி ரஹீம் பாய்க்கு ஏழு பிள்ளைகள். "அரே, எடுத்துக்கோங்க. ஏழு பசங்க எப்படி வந்துச்சுன்னு எனக்கும் தெரியணும்" என்று முதல் ஆளாக வந்தார். பால்காரர் முனியப்ப கவுடர் வந்தார். ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து நம் பெட்டிகளுக்குப் பெயர் எழுதுகிற அந்தோணி வந்தார். நம் சந்தில்தான் கஷ்டம். உன்னைப் பற்றிச் சிரித்தவர்களிடமே போய்க் கை நீட்டச் சொல்ல வேண்டியிருந்தது. எதிர்வீட்டு ஏகாம்பரம், பேக்கரியில் மாவு பிசைகிறவர், கதவில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"இன்னாத்துக்கு அண்ணா? நம்ம ஆளுங்க ரத்தத்துல குறை இருக்குன்னு எழுதறதுக்கா? ஊசி போடாமயே அதை எழுதிட்டாங்களே."

ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரம்மாவிடம் அதை அப்படியே சொன்னேன். "அப்படி எழுதுறவங்களும் இருக்காங்க. நான் எழுதமாட்டேன். இதை உங்ககிட்ட சொல்றதத் தவிர என்னால வேற என்ன பண்ணமுடியும்?" என்றார். திரும்பி வந்து ஏகாம்பரத்திடம் அதையும் அப்படியே சொன்னேன். அவர் கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டு, "பையனுக்காகக் கேக்கறியா?" என்றார். ஆமாம் என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் சந்தில் பாதிப் பேர் வந்தார்கள். ஆஸ்பத்திரி நடையில் வரிசையாக உட்கார்ந்து, அதே பழைய நீளப் பேச்சைப் பேசிச் சிரித்தார்கள். நர்ஸ் அதட்டினாள். நானும் சிரித்தேன். யாரும் கெட்டவர்கள் இல்லை அசோகா. உன்னைக் கொல்கிறோம் என்று தெரியாமலே பேசியிருக்கிறார்கள். இது உனக்கு ஆறுதலாக இருக்காது என்று எனக்குத் தெரியும்.

அந்த வேலை முடிய மாதக்கணக்காயிற்று. கரண்ட் போனால் சூட்டுப்பெட்டி குளிர்ந்து ரத்தம் கெட்டுவிடும், மறுபடியும் எடுக்க வேண்டும். கடைசியில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு இரண்டு போட்டோக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கறுப்புக் கறுப்பாகச் சின்னத் துண்டுகள், ஜோடி ஜோடியாக அடுக்கி ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் அந்த ஒற்றை நீளத் துண்டு. "எது உங்களது, எது பையனோடது, சொல்லுங்க பாக்கலாம்" என்றார். எனக்குத் தெரியவில்லை. அவரும் பின்பக்கம் திருப்பிப் பார்த்துத்தான் சொன்னார். என் அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும், அவர் அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்றார். வந்தவாசிப் பக்கத்திலிருந்து பட்டாளத்துக் குதிரைகளுக்குப் புல் வெட்ட இந்த ஊருக்கு வந்தவர் என் தாத்தா. பிள்ளைகளுக்குக் குறைவில்லாத மனுஷன்.

மற்றவர்களுடையதையும் காட்டினார். ஏகாம்பரத்துக்கு நம்முடையதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. கவுடருக்கு நடுத்தரம். ரஹீம் பாய்க்குக் குட்டையாக இருந்தது. அந்தோணிக்கு நீளம். ஒரு சனத்துக்கும் இன்னொரு சனத்துக்கும் கொஞ்சம் வித்தியாசம் தெரிகிறதாம். ஆனால் ஒரே சனத்துக்குள் இருக்கும் வித்தியாசம் அதைவிடப் பெரிதாம். மூக்கு மாதிரி, உயரம் மாதிரி என்றார். நீளமாக இருந்தவர்களுக்கெல்லாம் பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள்.

"அப்ப எங்க வீட்டுப் பிள்ளைங்க ஏம்மா தங்கல?" என்று கேட்டேன்.

"தெரியல. அதுதான் நெஜம். பேஜார் பண்ணிக்காதீங்க. நிறைய பேருக்குக் காரணமே தெரியாம போயிடுது. அடுத்தது நின்னிருக்கலாம், நிக்காமலும் போயிருக்கலாம். ஆனா இதாலதான்னு சொன்னது தப்பு." பெரிய டாக்டரிடமும் சொல்லிவிட்டாராம். அவர் படங்களைப் பார்த்துவிட்டு, ஓகோ என்றாராம். இனி கட்டுரை எழுதும்போது உன் படத்தைச் சாதாரண ஆம்பளைகள் என்ற தலைப்பின் கீழே சேர்க்கப்போவதாகவும் சொன்னார். நான் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். சந்தோஷம் வரும் என்று கொஞ்ச நேரம் பஸ் ஸ்டாப்பில் நின்று பார்த்தேன். பஸ்தான் வந்தது. இதையெல்லாம் அப்போதே உனக்கு எழுதினேன். நீ பதில் போடவில்லை. கடிதம் வந்து சேரவில்லையோ, வந்தும் பிரிக்கவில்லையோ தெரியாது. அதனால்தான் மறுபடியும் முதலிலிருந்து எழுதுகிறேன். உனக்குக் குறையில்லை. இருந்திருந்தாலும் நீ எனக்குக் குறைந்தவன் ஆகியிருக்கமாட்டாய். இது நான் சத்தமாகச் சொல்ல வேண்டிய வார்த்தை.

படங்களைப் பார்த்த மறுநாளே வசந்தாவிடம் சொல்லப் போனேன். பங்காருப்பேட்டையில் வண்டி மாறி, சாம்பியன் ரீப் தொழிலாளர் லைன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். முறத்தில் பாதி புடைத்த அரிசி இருந்தது. நான் கொண்டுவந்த செய்தியை அங்கேயே நின்றபடி கடகடவென்று சொன்னேன். உன் மகன் பிழைத்துவிட்டான் என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி வந்து சொல்கிறவனைப் போலச் சொல்லியிருக்கிறேன். அவள் ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். பிறகு, எப்போதும் இல்லாத மெதுவான குரலில் பேசினாள். நான் அவள் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

"மாமா, அது நீளமோ குட்டையோ, அதுக்காகவா நான் வந்தேன்? புள்ள இல்லன்னா இல்ல, நாம ரெண்டு பேரும் இருப்போம்னு அவர்கிட்ட எத்தன வாட்டி சொன்னேன் தெரியுமா? பாயில படுத்துக்கிட்டு, செவுத்தப் பாத்துக்கிட்டே, உங்க ஊருக்குப் போயிடுன்னாரு. திரும்பி என் மூஞ்சப் பாத்துச் சொல்லுங்கன்னேன். திரும்பல. விடியற வரைக்கும் அந்த முதுகையே பாத்துட்டிருந்தேன். அப்புறம் புடவைய மடிச்சேன்."

"இப்ப சரியாயிடுச்சேம்மா. நான் அவனுக்கு எழுதறேன்" என்றேன்.

"எழுதுங்க. எனக்காக எழுதாதீங்க."

உள்ளே கூப்பிட்டுச் சாப்பாடு போட்டாள். சாப்பிடும்போது அவள் அண்ணன் சொன்னான், ஒரு வரன் பேசியிருக்கிறார்கள், சுரங்க ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர், மனைவி இறந்துபோய் ஒரு பெண் குழந்தை இருக்கிறது என்று. நான் நல்லது என்றேன். அசோகா, உனக்கு நான் புத்தி சொல்லிப் பழக்கமில்லை. இதை மட்டும் சொல்கிறேன். உனக்கு இன்னும் வயசு இருக்கிறது. யாரோடு வாழ்ந்தாலும், வலிக்கிற இடத்தை அவர்களுக்குக் காட்டு. உன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சுவர்ப் பக்கம் திரும்பினால், அந்தப் பக்கம் இருக்கிறவருக்குத் தெரிவது முதுகு மட்டும்தான். நீ அவளைக் காப்பாற்றத்தான் அனுப்பினாய் என்று எனக்குத் தெரிகிறது. அவளுக்கு அது தெரியவில்லை. சொன்னால்தானே தெரியும்?

நேற்று கல்யாணத்தில் நான் பந்தல் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். என்னைத் தெரிந்தவர்கள் பார்த்தும் பார்க்காமலும் போனார்கள். மாப்பிள்ளை நிதானமான ஆள். என்னிடம் வந்து, "நீங்க வந்தது வசந்தாவுக்குத் தெம்பா இருக்கு ஐயா" என்று கையைப் பிடித்துக்கொண்டார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வசந்தா நீலப் புடவை கட்டியிருந்தாள். இளைத்திருந்தாள். பஞ்சசீலம் சொல்லும்போது அவள் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. சாப்பாடு முடிந்ததும் மாப்பிள்ளையின் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். நான்கு வயது இருக்கும்.

"தாத்தாவுக்குக் கும்பிடு சொல்லு" என்றாள்.

"எந்தத் தாத்தா?" என்று குழந்தை கேட்டது.

வசந்தா என்னைப் பார்த்தாள். "நம்ம பெங்களூர் தாத்தா" என்று சொல்லி, குழந்தையை என் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, கூப்பிட்டவர்களிடம் போய்விட்டாள். அந்தக் குழந்தை என் காதைப் பிடித்துப் பார்த்தது. சட்டைப் பொத்தான்களைத் தடவியது. என்னென்னவோ கேட்டது. எனக்குக் கேட்காதபோது வாயைக் காதருகே கொண்டுவந்து மறுபடி சொன்னது, சலித்துக்கொள்ளவில்லை. அப்படியே என் தொடையில் தலை வைத்துத் தூங்கிப்போயிற்று. பந்தலில் பாய்களைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். நான் பிடிக்க வேண்டிய வண்டி ஸ்டேஷனில் கூவியது எனக்கே கேட்டது. கால் மரத்துக்கொண்டு வந்தது. அசைத்தால் எழுந்துவிடும் என்று அசைக்காமல் இருந்தேன். வண்டி போய்விட்டது. ரொம்ப நேரம் கழித்து மாப்பிள்ளை வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டார். எழுந்தால் என்னால் நிற்க முடியவில்லை, பந்தல் காலைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த வண்டிக்கு ஸ்டேஷனுக்கு நடக்கும்போதுதான் காலில் மெல்ல ரத்தம் திரும்பியது. இடுப்பு வரைக்கும் ஊசி ஊசியாகக் குத்தியது. அந்த நடுரோட்டில், யார் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்காமல், நொண்டிக்கொண்டே, அழுதுகொண்டே நடந்தேன்.

அப்பா